எதிர்வீட்டில் நன்றாகக் கேட்கிறது

கற்பிட்டியில் கில்பட் கட்டிய ஃபைபர் படகு எதுவும் இதுவரை கவிழ்ந்ததில்லை. கவிழ்ந்தது அவருடைய வீட்டு முன்கூடம்தான். அதற்குள் அவர் ஒரு ஹோர்ன் ஸ்பீக்கர் கட்டினார்.

கோயில் திருநாளுக்குத் தென்னையில் கட்டுகிற ஹோர்ன் அல்ல. வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிற ஹோர்ன். யாரோ ஒரு வெள்ளைக்காரர் அப்படி ஒன்றின் முன்னால் கண்மூடி உட்கார்ந்திருந்ததை அவர் போனில் பார்த்திருந்தார். அந்த மனிதரின் கூடத்தில் இரண்டு படகை நிறுத்தலாம் என்பதைக் கில்பட் கவனிக்கவில்லை. முகத்தைத்தான் கவனித்தார்.

பெட்டி ஸ்பீக்கரில் பாட்டு சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும், ஹோர்னில் எழுந்து வந்து முன்னால் நிற்கும் என்று அவர் ஊரெல்லாம் சொன்னார். உள்ளங்கையளவு அம்ப்ளிஃபயர் போதும், தவில் அடித்தால் நெஞ்சில் விழும் என்றார். எல்லாம் உண்மைதான். அடித்தொனி வேண்டுமானால் ஹோர்னின் வாய் பெரிதாக இருக்க வேண்டும் என்பதும் உண்மை. ஆகவே பெரிதாக்கினார். சோளகக் காற்று மணலை அள்ளி வீசுகிற காலம். ஈர ரெசினில் மணல் ஒட்டிவிடும் என்று வேலையைக் கூடத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டார். கதவை அளக்கவில்லை. படகு கட்டுகிறவர் எந்தக் கதவை அளந்தார்?

காய்ந்ததும் அதை நிமிர்த்தி, அடித்தொண்டையை அடைத்து, வாய்வரை தண்ணீர் நிரப்பினார். படகுக்கெல்லாம் அவர் வைக்கிற சோதனை அது. ஒரு சொட்டும் ஒழுகவில்லை. அவ்வளவு தண்ணீரையும் எப்படி வெளியேற்றுவது என்ற யோசனை பிறகுதான் வந்தது. மனைவி மெரினா கூடத்தைத் துடைத்தார்.

மாதா சுரூபம் அறைக்குள் போனது. அலுமாரி குசினிக்குப் போனது. ஜன்னலோரத் தையல் மெசின் மட்டும் நகரவில்லை, ஏனென்றால் அதில் மெரினா இருந்தார்.

முதல் பாட்டைப் போட்டபோது, ஹோர்னுக்கு நேர் எதிரே இருந்த ஒரே கதிரையில் கில்பட் உட்கார்ந்தார். பாடுகிற பெண் வரிக்கு முன்னால் மூச்சு எடுப்பதுகூடக் கேட்டது. அவர் முகம் அந்த வெள்ளைக்காரரின் முகம் போலவே ஆனது.

"இந்தப் பொம்புள வாயில கைய வச்சுக்கொண்டா பாடுது?" என்றார் மெரினா, மெசினிலிருந்து.

கதிரையில் வந்து இருந்து கேட்கும்படி கில்பட் கெஞ்சினார். மெரினா வந்து இருந்து கேட்டார். நல்லாத்தான் இருக்கு என்று ஒப்புக்கொண்டுவிட்டு எழுந்தார்.

"ஆனா நான் நாள் முழுக்க இருக்கிறது மெசினில. மெசினில இருந்து நல்லாக் கேட்டா இது இருக்கட்டும். இல்லாட்டி தலவில கோயில் பெருநாளுக்கு முன்ன மரமறுக்கிற வாளை எடுத்து வெட்டி வெளியில போடுங்க. சிலாபத்துச் சனம் வந்தா எங்க படுக்கிறது?"

வெட்டுவதா? கதவால் முழுதாக வெளியே போகாது என்பதால் வெட்டத்தான் வேண்டும்.

கில்பட் ஹோர்னை மெசின் பக்கம் திருப்பினார். அவருடைய கதிரையில் பாட்டுச் செத்தது, மிகக் கிட்ட இருந்த மெசினிலும் அது சேரவில்லை. ஹோர்னின் வாயில் ஸ்பொஞ்ச் அடைத்தார். பாடகியின் மூச்சு நின்றது. கதிரையைப் பின்னால் தள்ளிப் பார்த்தார். தூரம் கூடக்கூடப் பாட்டு ஒன்றாகச் சேர்ந்து வந்தது. சேர்ந்து முடிவதற்குள் சுவர் வந்துவிட்டது. பாட்டு நின்ற பிறகும் அம்ப்ளிஃபயரின் இரைச்சல் நிற்கவில்லை. மெரினா இரண்டு முறை எழுந்துபோய் அடுப்பில் மீன் பொரிகிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். யாரையாவது திட்ட வேண்டும் போல் இருந்தது கில்பட்டுக்கு. ஹோர்னைக் கட்டியவர் அவரே என்பதால் அதற்கும் ஆள் கிடைக்கவில்லை.

பெருநாளுக்கு உறவினர் வரவிருந்த கிழமை மெரினா, தைத்த சட்டையோடு எதிர்வீட்டு றைஸாவிடம் போனார். கில்பட் வாளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கடைசியாக ஒருமுறை கேட்போம் என்று நினைத்தார். வெட்டுவதற்கு வசதியாக ஹோர்னின் வாயை வீதிப் பக்க ஜன்னலுக்குத் திருப்பியிருந்தார். அப்படியே பாட்டைப் போட்டார். பின்பக்கம் நின்றவருக்கு அது கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

பாட்டு முடிந்தபோது மெரினா வாசலில் நின்றார். பின்னால் றைஸாவின் கணவர் நளீர்.

"வெட்ட வேணாம்," என்றார் மெரினா. "நல்லாக் கேக்குது."

"எங்க?"

"றைஸா வீட்டு விறாந்தையில. மூச்சு எடுக்கிறதும் கேக்குது."

நளீர் தலையாட்டினார். "ஓம் கில்பட் அண்ணே. ஒங்கட ஊட்டுப் பாட்டு எங்கட ஊட்டுலதான் ருசி."

"நீ மெசினில இருந்து கேக்கோணும் எண்டெல்லோ சொன்னாய்?" என்றார் கில்பட். அவர் நியாயமான மனிதர். தனக்கு எதிரான நியாயத்தையும் ஞாபகப்படுத்துவார்.

"ஓம். மெசினைத் தூக்குங்க."

கில்பட்டும் நளீரும் தையல் மெசினை வீதியைக் கடந்து தூக்கிச் சென்றார்கள். ஹோர்ன் வெட்டுப்படாமல் தப்பியது, ஜன்னலைப் பார்த்தபடி. சிலாபத்து உறவினரும் பெருநாளுக்கு வந்தார்கள். பகலில் றைஸாவின் விறாந்தையில் இருந்து பாட்டுக் கேட்டுவிட்டு, படுக்க இடமில்லை என்று பின்னேர பஸ்ஸில் திரும்பினார்கள்.

இப்போது பின்னேரங்களில் அங்கே மெரினா தைக்கிறார், றைஸா பக்கத்தில் இருந்து பொத்தான் தைக்கிறார், நளீர் கண்ணை மூடிக்கொள்கிறார். கில்பட்டும் தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு ஒருநாள் போனார்தான். ஒரு பாட்டு முழுதாகக் கேட்டார். முடிந்ததும் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். போனிலிருந்து ப்ளூடூத் வீதியைத் தாண்டி எட்டாது. அடுத்த பாட்டைப் போடவும், பள்ளிவாசலில் பாங்கு சொன்னால் நிறுத்தவும் ஹோர்ன் இருக்கிற பக்கம் ஒரு ஆள் இருந்தாக வேண்டும்.

கதிரை விறாந்தையிலேயே இருக்கட்டும், வருகிறவர்களுக்கு உதவும் என்றார் மெரினா. கில்பட் வீதியைக் கடந்து, ஹோர்னின் பின்னால் போய் நின்றார்.