சித்தப்பா கடைந்த துப்பாக்கி

எனக்கு ஒன்பது வயதில் பள்ளி நாடகத்தில் கோட்டைக் காவல்காரன் வேடம் கிடைத்தது. வசனம் ஒன்றே ஒன்றுதான். ஆனால் கையில் துப்பாக்கி உண்டு. அதுவும் குழல்வாயில் வெடிமருந்தைக் கொட்டி, நீளக் கம்பியால் இடித்துக் கெட்டிக்கும் அந்தக் காலத்துத் துப்பாக்கி. அட்டையில் வெட்டித் தருவதாக அப்பா சொன்னார். சித்தப்பாவுக்கு அது பொறுக்கவில்லை.

“லேத்துல நிக்கிறவன் நான் இருக்கேன். அட்டை எதுக்குண்ணே?”

ஷார்ஜா தொழிற்பேட்டைப் பட்டறை ஒன்றில் அவருக்குக் கடைசல் வேலை. தொழிலாளர் கேம்ப்பில் ஒரே ரூமில் எட்டுப் பேர். வெள்ளிக்கிழமை மட்டும் எங்கள் ஃபிளாட்டுக்குச் சாப்பிட வருவார். துப்பாக்கி செய்வது அவருக்கு அதுதான் முதல் தடவை. போர்மேனிடம் கேட்டு வாங்கிய பித்தளைத் தண்டைக் குழலாகக் கடைந்தார். வெடிக்கவே கூடாது என்று குழல்வாயில் ஒரு விரல் ஆழம் மட்டும் துளைத்தார். பழைய தேக்குச் சட்டம் ஒன்றைப் பால்கனியில் உட்கார்ந்து, தோளில் பொருத்தும் கட்டையாக இழைத்தார். அம்மா காயப்போட்ட துணியெல்லாம் மரத்தூள்.

அவரைத் திணறடித்தது துப்பாக்கியின் குதிரைதான். விசையை இழுத்தால் அது சுத்தியல் மாதிரி ‘டக்’கென்று விழ வேண்டும். அதற்காக ரம்பத் தகட்டை வளைத்துச் செய்த ஸ்பிரிங் இரண்டு முறை உடைந்தது. நான்காம் வெள்ளிக்கிழமை மதியம் குதிரை விழுந்தேவிட்டது.

“யல்லா! விழுந்துருச்சு பாப்பா, விழுந்துருச்சு!”

அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. ஓடிப்போய் வாங்கித் தோளில் வைத்தேன். கட்டை குட்டை. முழங்கையை மடக்கினால் என் கையே மூக்கில் இடித்தது.

“சின்னப் புள்ளைக்குச் செஞ்ச மாதிரி இருக்கு,” என்று அழ ஆரம்பித்தேன்.

“யாருக்கு அளவெடுத்தீங்க தம்பி?” என்று அம்மா சிரித்தாள்.

மறுநாளே டியூட்டி முடிந்து வந்து நான்கு விரல் மரம் ஒட்டி அதைச் சரிசெய்துவிட்டார். நாடகமும் நன்றாகவே நடந்தது. ஆனால் அந்த மதியம் சித்தப்பா கட்டையின் அடியை உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருந்தார். ஊரில் அவர் பையன் என்னைவிட ஒரு மாதம் மூத்தவன். அவனுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது விட்டுவிட்டு வந்தவர். இரண்டு முறை லீவ் கிடைப்பதாக இருந்து தள்ளிப்போயிருந்தது.

என்னைச் சுவரோரம் நிமிர்ந்து நிற்கச் சொன்னார். பாதத்திலிருந்து உச்சிவரை ஒருமுறை பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

“அவனும் இவ்வளவு வளந்திருப்பான்ல அண்ணி? வீடியோல மூஞ்சி மட்டுந்தான் தெரியுது.”

அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. “வளந்திருப்பான் தம்பி,” என்றாள்.

என் துப்பாக்கி குட்டையாகப் போனதற்கு நான் அழுதுகொண்டு நிற்கிறேன். எங்கோ இருக்கிற ஒருவனின் உயரத்தைப் பற்றி இவர்களுக்கு இப்போது என்ன பேச்சு? எனக்கு அவன் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.