ஓடக்காரருக்கு ஒட்டிய போஸ்டர்

என் மகள் படிக்கும் மாயக்கதைத் தொடரில் ஓர் ஓடக்காரர் வருவார். மூடுபனிக்கு அப்பால் இருக்கிற ராஜ்ஜியத்துக்கு நான்கு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய் விடுவதுதான் அவர் வேலை. ஒரு பாகத்துக்கு நான்கைந்து பக்கங்களுக்கு மேல் அவர் கிடையாது. கூலி வாங்க மாட்டார். இறங்கும்போது பையிலிருந்து ஏதாவது தின்னக் கொடுப்பார். தாடியைத் தடவிக்கொண்டே, திரும்பி வரும்போது தொண்டை கிழியக் கூப்பிடுங்கள், எனக்குக் காது மந்தம் என்பார்.

நான்காம் பாகத்தில் பிள்ளைகள் துறைக்கு வருகிறார்கள். ஓடம் கவிழ்த்துப் போடப்பட்டிருக்கிறது. ஓடக்காரர் இறந்துபோன பிறகு இந்தப் பக்கம் யாரும் வருவதில்லை என்று காவலாளி ஒருவன் சொல்கிறான். பிள்ளைகள் வேறு வழியாகப் போய்விடுகிறார்கள். அவ்வளவுதான். ஐந்தாம் பாகத்திலும் ஆறாம் பாகத்திலும் அவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. மகள் இரண்டையும் முழுக்கப் படித்துவிட்டு வந்துதான் என்னிடம் கேட்டாள்.

“எப்படிம்மா செத்தாரு?”

“வயசாகியிருக்கும்.”

“வயசுன்னு போடலையே. உடம்பு சரியில்லன்னும் போடல. யாராவது கொன்னாங்கன்னா அதையாவது சொல்லணும்ல?”

அவள் ஆறாம் வகுப்பு. கதையில் ஆள் சாவது அவளுக்குப் புதிது இல்லை. அந்தத் தொடரிலேயே ஒரு ராஜாவும் இரண்டு மந்திரவாதிகளும் செத்திருக்கிறார்கள். அவளுக்குப் பொறுக்காதது வேறு. திருவொற்றியூரில் எங்கள் பக்கம் சாவு வீட்டுக்குப் போனால் முதல் கேள்வி “எப்டி ஆச்சு?” என்பதுதான். வீட்டுக்காரர்களும் காலையில் எழுந்தது, டீ குடித்தது, நெஞ்சு எரிகிறது என்றது, ஆட்டோ கிடைக்காமல் நின்றது என்று ஒன்று விடாமல் சொல்வார்கள். அடுத்து ஒருவர் வந்தால் மறுபடி முதலிலிருந்து. நடுவில் பக்கத்தில் இருப்பவர், “டீ இல்ல, காபி” என்று திருத்துவார். என்னோடு இப்படிப் பல வீடுகளுக்கு வந்து உட்கார்ந்தவள் மகள். ஒரு மனிதர் செத்திருக்கிறார், எப்படி என்று யாரும் கேட்கவே இல்லை என்பதை அவளால் மரியாதைக் குறைவாகத்தான் பார்க்க முடிந்தது.

நான் கன்டெய்னர் யார்டு ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சனிக்கிழமை அரை நாள். அடுத்த சனிக்கிழமை எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர்கள் வரிசை கட்டி நின்றதால் பஸ் நகரவில்லை. வீடு வந்தபோது மூன்று மணி ஆகியிருந்தது. எங்கள் குடியிருப்பின் படிக்கட்டருகே தெருமுனைப் பூக்கடைக்கார அக்கா நின்றிருந்தார். கையில் வாழை இலையில் சுற்றிய மாலை. என்னைப் பார்த்ததும் அவர் முகம் கோணியது.

“இன்னாம்மா இது, ஒரு வார்த்த சொல்லி அனுப்பக் கூடாதா? போஸ்டரப் பாத்துதான் நான் தெரிஞ்சிக்கணுமா?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் கை காட்டிய பக்கம் பார்த்தேன். சுவரில், மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில், கண்ணீர் அஞ்சலி. இரண்டு ஓரமும் குத்துவிளக்கு, மேலே புறாக்கள், நடுவில் என் தம்பியின் முகம்.

தம்பி சரக்குக் கப்பலில் ஃபிட்டர். அவன் கடைசியாகப் பேசி ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. நடுக்கடலில் சிக்னல் இருக்காது என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் தெரியும். ஆனாலும் அந்த நாட்களில் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் நான் நின்றுகொண்டு எடுக்க மாட்டேன். உட்கார்ந்துதான் எடுப்பேன்.

யாரோ விளையாடியிருப்பார்கள் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்று பிறகு என் கணவர் கேட்டார். வெளியூர்க்காரர், அப்படித்தான் கேட்பார். எங்கள் தெருவில் போஸ்டர் எப்போதும் உறவுக்காரர்களை முந்திவிடும். ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வருவதற்குள் சுவரில் பசை காய்ந்திருக்கும். நான் பஸ்ஸில் இருந்தபோது கப்பல் கம்பெனியிலிருந்து வீட்டுக்குப் போன் வந்திருக்கிறது, மகள் எடுத்திருக்கிறாள், எனக்குச் சொல்லப் பயந்து மற்றவர்கள் எல்லாம் செய்துவிட்டார்கள். நொடியில் இவ்வளவும் மனதுக்குள் நானே கோத்துவிட்டேன்.

“எப்டி ஆச்சும்மா?” என்றார் பூக்கடை அக்கா, என் தோளைப் பிடித்துக்கொண்டு.

தம்பியின் எண்ணை அழைத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி அழைத்தேன். அதே குரல். அங்கே நிற்காமல் படியேறினேன். அக்காவும் மாலையோடு பின்னால் வந்தார்.

வீட்டில் மகளும் மாடி வீட்டுப் பெண்ணும் தரையில் உட்கார்ந்து மிக்சர் தின்றுகொண்டிருந்தார்கள். மாடி வீட்டுப் பெண் காலேஜில் படிக்கிறாள். அவள் அண்ணனுக்கு ஃப்ளெக்ஸ் கடை உண்டு.

“மாமாவுக்கு என்ன ஆச்சு?” என்று கத்தினேன்.

“எந்த மாமாவுக்கு?” என்றாள் மகள்.

“கீழே ஒட்டியிருக்கே!”

“அது மாமா இல்லம்மா. ஓடக்காரர்.”

மாடி வீட்டுப் பெண் மிக்சரைக் கீழே வைத்துவிட்டாள். மகள் மட்டும் நிதானமாக விளக்கினாள். ஓடக்காரருக்காக யாரும் ஒன்றுமே செய்யவில்லை. அதனால் இவர்கள் போஸ்டர் அடித்தார்கள். அண்ணன் கடைக் கம்ப்யூட்டரில் கண்ணீர் அஞ்சலி மாதிரிகள் நிறைய இருக்கின்றன, எழுத்தை மாற்றினால் போதும். புத்தகத்தில் ஓடக்காரர் படம் இல்லை. தாடி வைத்தவர், தண்ணீரில் வேலை செய்கிறவர், தின்பண்டம் வாங்கித் தருகிறவர் என்று பார்த்தால் மாமா ஒருவர்தான்.

“அடிப்பாவிங்களா,” என்றார் பூக்கடை அக்கா. “உசுரோட கீற மனுசன் மூஞ்சியா கெடச்சுது உங்களுக்கு?”

“பேரு வேறதானே ஆன்ட்டி போட்டிருக்கோம்,” என்றாள் மாடி வீட்டுப் பெண், மெல்ல.

“பேர எவன் படிக்கிறான்? மூஞ்சியதான பாப்பான்!”

உண்மைதான். நானும் படிக்கவில்லை. கீழே இறங்கிப் போய் அப்போதுதான் படித்தேன். தோற்றம்: முதல் பாகம். மறைவு: நான்காம் பாகம். இப்படிக்கு, படகுத்துறை நண்பர்கள். சிரிப்பு வந்தது, அதோடு கண்ணீரும் வந்தது. சவரம் செய்யும் பிளேடால் தம்பியின் படத்தை மட்டும் ஓரம் கிழியாமல் அறுத்து எடுத்தேன். நடுவில் வெறும் சுவர் தெரிந்தது.

அடுத்த சிக்கல் மாலை. பூக்கடை அக்கா அதைத் திரும்ப எடுத்துப்போக மறுத்துவிட்டார்.

“சாவுக்குன்னு கட்டினது. சாமிக்கும் போட முடியாது, வேற யாருக்கும் விக்க முடியாது. வூட்டுக்குள்ளயும் வெக்காத. யாரு செத்தாங்களோ அவங்களுக்கே போடு.”

“அந்த ஆள் கதையில வர்றவர், அக்கா.”

“செத்தாரா இல்லியா?”

“செத்தார்.”

“அப்ப போடு.”

மகள் நாற்காலி கொண்டுவந்து ஏறி, மீட்டர் பெட்டி ஆணியில் மாலையை மாட்டினாள். அது அந்த வெற்றுச் சதுரத்தைச் சுற்றித் தொங்கியது. அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். பழக்கம் விடவில்லை, உடனே மகள் பக்கம் திரும்பி, “எப்டி ஆச்சாம்?” என்றார். மகள் உதட்டைப் பிதுக்கினாள்.

தம்பியின் படம் என் கையில் இருந்தது. அவன் செத்ததாக யாரும் சொல்லவில்லை, சரி. அவன் நன்றாக இருக்கிறான் என்றும் யாரும் சொல்லவில்லையே. “எங்கே இருக்கிறாய்” என்று அவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒற்றை டிக். வாசலைப் பெருக்கினேன். ஏற்கெனவே மடித்த துணிகளை மறுபடி மடித்தேன். விளக்கு வைத்தபோதும் ஒற்றை டிக்தான்.

அதற்குச் சற்று நேரம் கழித்து போன் அடித்தது. நான் உட்காரவில்லை, நின்றபடியே எடுத்தேன்.

“யக்கா, நான் செத்துட்டேனாமே?”

அவன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனான்.

“கப்பல் இப்பதான் துறைமுகம் வந்து சேந்துச்சு. போனத் தொறந்தா காசிமேட்டு தோஸ்து ஒருத்தன் போஸ்டர போட்டோ புடிச்சு அனுப்பிச்சிகிறான். இன்னா மாமு, இத சொல்லவே இல்லன்னு எங்கிட்டயே கேக்கறான். சூப்பு குடிச்சிகினு இருந்தேன்கா, பொறை ஏறிடுச்சு.”

“நல்லா இருக்கியாடா?”

“செத்தவன் எப்டிக்கா இருப்பான்? அந்தக் குட்டிகிட்ட குடு போன.”

மகள் வாங்கினாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

“சாரி மாமா.”

“சாரி கெடக்கட்டும். நான் எப்டிடீ செத்தேன்?”

“தெரியல மாமா. புக்குல போடல.”

“இன்னாடி கலீஜா கீது! செத்தவனுக்கே சொல்ல மாட்டாங்களா?”

“அதான் மாமா நானும் கேக்கறேன். நீங்களே சொல்லுங்க.”

அந்தப் பக்கம் எங்கோ சங்கிலி இழுபடும் ஓசை கேட்டது.

“தண்ணில வேணாம்,” என்றான். “புயல், திமிங்கலம், அதெல்லாம் ஒண்ணும் வேணாம். உங்கம்மாவுக்கு ஆவாது. வூட்லயே வெச்சிக்கலாம்.”

“அப்போ கடைசியா ஆள இறக்கிவிட்டுட்டு ஓடத்தக் கட்டிட்டாரு,” என்றாள் மகள்.

“கட்டிட்டாரு. நல்லா முடிச்சு போட்டு கட்டிட்டாரு. அப்பால வூட்டுக்குப் போறாரு.”

“என்ன சாப்பிட்டாரு?”

“வஞ்சிரம் வறுவல். அவசரப்படாத, மொதல்ல குளிக்கட்டும்.”

“எங்க குளிச்சாரு? வீட்லயா, கிணத்துலயா?”

அவன் யோசித்தான். கிணறு என்றான். பிறகு இல்லை, வேண்டாம், வெந்நீர் வைத்துக் கொடுத்தார்கள் என்றான். யார் வைத்துக் கொடுத்தது என்று அவள் கேட்டாள். அவருக்கு ஓர் அக்கா இருந்தாள் என்று அவன் ஆரம்பித்தான். இப்போதைக்கு முடிகிற கதையாகத் தெரியவில்லை. சாக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று நான் எழுந்து போய்ச் சோற்றுக்கு உலை வைத்தேன். ஸ்பீக்கர் சத்தம் அடுப்படி வரை நன்றாகக் கேட்டது.