வலை இழுத்த கை

எனக்கு அப்போது பத்தொன்பது வயது, வாய்க்கு மட்டும் நாற்பது. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்த நான்கு பெண்களில் ஈயம் வைத்து ஒழுங்காகப் பற்றவைக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதை யாரும் மறந்துவிடாமல் பார்த்துக்கொண்டேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் பழைய ரேடியோக்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "ஆத்துல சாம்பிராணி போட்டாலும் இந்த ஈய வாசனைதான் வர்றது" என்று அம்மா அலுத்துக்கொள்வாள். எனக்கு அதுவும் பெருமைதான்.

என் வகுப்பில் பட்டினப்பாக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். விடியற்காலையில் அப்பாவோடு கட்டுமரத்தில் போய் வலை இழுத்துவிட்டு, தலை ஈரம் காயாமல் வகுப்புக்கு வருவான். சர்ச் பாட்டுக் குழுவில் கிட்டார் கற்றவன். அசோக் நகரில் ஒரு மெல்லிசைக் குழு அவனைச் சேர்த்துப் பார்க்க ஒப்புக்கொண்டது. எலெக்ட்ரிக் கிட்டாரை அவர்களே அவனிடம் கொடுத்து வைத்தார்கள். ஒலியைக் கரகரப்பாக்கும் பெடலை மட்டும் அவன் கொண்டுவர வேண்டும். வெளிநாட்டுப் பெடலெல்லாம் அவனுக்கு எட்டாத விஷயம். "நீ செஞ்சு குடேன்பா" என்றான். அவன் கேட்பதற்காகவே காத்திருந்தவள்போல ஒப்புக்கொண்டேன்.

பழைய பத்திரிகை ஒன்றில் சர்க்யூட் படம் கிடைத்தது. கிட்டாரின் ஒலி உள்ளே நுழையும் இடத்தில் ஒரு கெப்பாசிட்டர். படத்தில் போட்டிருந்த மதிப்பு பாயிண்ட் ஒன்று. ரிச்சி தெருக் கடையில் அன்று அது தீர்ந்துபோயிருந்தது. பாயிண்ட் ஜீரோ ஒன்றுதான் இருந்தது, பத்தில் ஒரு பங்கு.

"திங்கக்கெழம வந்துரும்மா" என்றார் கடைக்காரர். "அவசரம்னா இதுலயே பத்து எடுத்துக்கினு போய் பக்கத்துல பக்கத்துல சேத்து ஒட்டு. கணக்கு சரியா வந்துரும்."

பத்துக் கெப்பாசிட்டரைக் கொத்தாக ஒட்டினால் என் போர்டின் அழகு என்ன ஆவது? "ஒண்ணு போதும், எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு ஒன்றே ஒன்றை வாங்கி வந்தேன். மதிப்பு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை என்பது உண்மைதான். பத்து மடங்கு வித்தியாசம் கொஞ்சம் அல்ல. உள்ளே நுழைகிற இடத்தில் இத்தனை சின்னதைப் போட்டால் தடித்த கம்பிகள் தரும் ஒலியின் கனம் வெளியிலேயே நின்றுவிடும். இதைப் பரீட்சையில் எழுதி மார்க்கே வாங்கியிருக்கிறேன்.

சுவிட்ச் பெட்டிக்குள் போர்டைப் பொருத்தி, எங்கள் வீட்டு ரேடியோவின் சின்ன ஸ்பீக்கரில் அவனை வாசிக்க வைத்துப் பார்த்தோம். கரகரவென்று வந்தது. அந்த ஸ்பீக்கரில் எதைப் போட்டாலும் கனம் இருக்காது என்பது எனக்கு உறைக்கவில்லை. அவன் கும்பிடாத குறை.

தியாகராய நகர் மண்டபத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. நானும் போயிருந்தேன். பெடலை அமுக்கியதும் கிட்டார் கொசுவாகிவிட்டது. தபேலாவுக்கும் கீபோர்டுக்கும் நடுவில் அவன் வாசிப்பது யாருக்குமே கேட்கவில்லை. முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். குழு நடத்துபவர் அவனைத் தனியே கூப்பிட்டு, ஒரு மாதத்தில் சரிசெய்துகொண்டு வரச் சொன்னார், இல்லாவிட்டால் வேறு ஆள் என்று.

மறுநாள் கேன்டீனில் அவன் தயங்கித் தயங்கித்தான் கேட்டான். "சுச்சு போடாம வாசிச்சா நல்லா கீது. போட்டா மட்டும் கனமே இல்லப்பா. உள்ள இன்னாவாச்சும் விட்டுப்போச்சா?"

சரியான கேள்வி. தப்பு பெடலில்தான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். என் தலைக்குள் சுர்ரென்று ஏறியது. சுற்றி வகுப்புப் பையன்கள் வேறு.

"பெடல் சரியாத்தான் இருக்கு. அது போட்டா கைத் தப்பெல்லாம் வெளியே தெரியும், அவ்வளவுதான். வலை இழுக்கற கை, முரடா இருக்கு. கம்பிய அமுக்கத் தெரியல."

அவன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். உள்ளங்கை முழுக்கக் காய்த்திருந்தது. பக்கத்து மேஜையில் யாரோ சிரிக்க, நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு முகம் கூசுகிறது.

அன்றோடு அவன் கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டான். தினமும் தேங்காயெண்ணெய் தடவி, வெந்நீரில் கையை ஊறவைத்து, மூன்று மணி நேரம் வாசித்தான். வீட்டில் பெரிய சண்டை என்று மற்றவர்கள் சொன்னார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாவது வாரம் பெடலில் ஒயர் ஒன்று விட்டுப்போனதென்று கொண்டுவந்து கொடுத்தான். மாலையில் காலேஜ் லேபில் திறந்தேன். அங்கே விழாவுக்கு வாங்கிய பெரிய ஸ்பீக்கர் இருந்தது. ஒயரை ஒட்டிவிட்டு அவன் கொண்டுவந்திருந்த கிட்டாரை மாட்டி, தடித்த கம்பியைத் தட்டினேன். கேன்டீனில் அவன் சொன்னது அப்படியே வந்தது. கனமே இல்லை. கெப்பாசிட்டரைக் கழற்றி, லேப் அலமாரியிலிருந்து பாயிண்ட் ஒன்றை எடுத்து வைத்துத் திரும்பவும் தட்டினேன். மேஜை அதிர்ந்தது.

வெளியே போயிருந்த அவன் அப்போதுதான் வராந்தாவுக்கு வந்து நின்றான், பத்தடி தூரத்தில். கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். "தப்பு என்னோடது" என்ற இரண்டு வார்த்தை. மூடியைத் திருகி, "ஒயர் ஒட்டிட்டேன்" என்று கொடுத்தேன்.

மாதக் கடைசியில் அவனைக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். மறுநாள் ஓடிவந்து இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினான். காய்ப்பெல்லாம் உரிந்து மெத்தென்று இருந்தன. "நீ சொன்னதுதாம்பா கரீட்டு. கைதான் தப்பு. இனிமே வலையத் தொடவே மாட்டேன்." நன்றி என்று வேறு சொன்னான். நான் அதையும் வாங்கிக்கொண்டேன்.

சில வாரங்கள் கழித்துப் பட்டினப்பாக்கத்து மீன் கடைகளைத் தாண்டி நடந்து வந்தபோது ஒரு அம்மா என்னைக் கைதட்டிக் கூப்பிட்டாள். அவனுடைய அம்மா. காலேஜ் வாசலில் ஒருமுறை பார்த்திருக்கிறாள்.

"நீதானே அந்தப் பொட்டி செஞ்சு குடுத்த பொண்ணு?"

"ஆமாம்மா."

"அவங்கப்பா ஒண்டியாதான் போய்க்கினுகீறாரு. போன வாரம் கட்டுமரம் கவுந்து, தோள்பட்ட எறங்கிப்போச்சு. இவன இன்னொரு கைக்குக் கூப்டா, மாட்டேன்றான். வலை இழுத்தா கிட்டார் வராதுன்னு நீ சொன்னியாமே." அவள் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "நீ படிச்ச பொண்ணு. மெய்யாலுமே வராதா?"

இப்போதாவது சொல்லிவிடு என்று உள்ளுக்குள் ஏதோ பிடித்து உலுக்கியது. சொன்னால் அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரிந்தால் வகுப்புக்கே தெரியும்.

"வராதும்மா" என்றேன்.

"அப்ப சரி, ஆள் வச்சிக்கிறோம்" என்று சொல்லிவிட்டு, முன்னால் இருந்த மீன்மேல் தண்ணீர் தெளித்தாள்.