பாதாளக்காவின் பரிந்துரை

இடது காலிலிருந்து செருப்பைக் கழற்றி, கதவு தானாகச் சாத்திக்கொள்வதற்குள் அதன் இடுக்கில் செருகிவிட்டுத்தான் அவர் நாற்காலியில் உட்காருகிறார். வலது செருப்பு காலிலேயே இருக்கும். அந்த அலுவலகத்தில் ஒற்றைச் செருப்போடு வேலை பார்க்கிறவர் அவர் ஒருவர்தான். அறை சின்னக் கண்ணாடி அறை. வெளியே இருக்கும் சத்தம் உள்ளே வரக்கூடாது என்பதற்காகக் கதவின் தலையில் ஓர் இரும்புக் கையை மாட்டி, அது எப்போதும் மூடியே இருக்கும்படி செய்திருக்கிறார்கள். அவரோ மூட விடுவதில்லை. "சாத்தினா மூச்சு நின்னு போற மாதிரி இருக்கு தம்பி" என்றார் என்னிடம். அப்போது ஏசிக் காற்று நேராக அவர் முகத்தில்தான் அடித்துக்கொண்டிருந்தது.

ஊரில் ஏதாவது ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றுபோய், உள்ளே மாட்டிக்கொண்டவர் மணிப்படம் போட்ட பொத்தானை அழுத்தினால், எடுத்துப் பேசும் குரல் இவருடையது. மெக்கானிக் போய்ச் சேரும்வரை மாட்டிக்கொண்டவரைப் பேச்சுத்துணையோடு வைத்திருப்பதுதான் வேலை. நாற்பதைத் தாண்டிய, சற்றே பருத்த, எப்போதும் நகத்தைக் கடிக்கிற பெண்மணி. அலுவலகம் ஆறாவது மாடியில். தினமும் படியேறித்தான் வருகிறார். லிஃப்டில் வந்தால் என்ன என்று கேட்டேன். "நல்லா கேட்டீங்க! அதுல என்னென்ன கெட்டுப்போகும்னு தெரிஞ்சவ நான்" என்றார்.

இவரை எனக்குப் போன வருடமே தெரியும். அதாவது குரலைத் தெரியும். ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் நானே மாட்டிக்கொண்டேன். விளக்கும் அணைந்துவிட்டது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பொத்தானை அழுத்தி, "கதவைத் தள்ளிப் பார்க்கட்டுமா?" என்று கத்தினேன். ஒலிபெருக்கி கொஞ்சம் இருமிவிட்டு, "நீங்க கொரியன் காமிக்ஸ் படிச்சிருக்கீங்களா?" என்று கேட்டது. புழுக்கத்தில் எனக்குத்தான் மூளை கலங்கிவிட்டதோ என்று நினைத்தேன். இறந்தவர்கள் நாட்டின் எல்லையில் ஒரு சுங்கக்காரி, உள்ளே வருகிற ஒவ்வொருவரிடமும் நிழலைக் கழற்றி வாங்கிக்கொள்கிறாள் என்று கதை ஆரம்பித்தது. அவள் ஒருவனுடைய நிழலை மடித்துக் கக்கத்தில் வைக்கும் இடத்தில் கதவு திறந்துவிட்டது. நான் விழுந்தடித்து ஓடும்போது பின்னாலிருந்து குரல் துரத்தியது: "பேரு 'நிழல் சுங்கம்'! போன்லயே கிடைக்கும்! மொத மூணு எபிசோடு பொறுமையா போங்க, அப்புறம்தான் சூடு பிடிக்கும்!"

அன்று இரவே தேடிப்பிடித்துப் படித்தேன். அதன் பிறகு சில நாள் என் நிழலை நானே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு திரிந்தேன். அந்தக் குரலுக்கு உரியவரை நேரில் பார்த்தே தீருவது என்று அனுமதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்தக் காமிக்ஸ் வழக்கத்தைப் பழக்கிவிட்டது அவருடைய மகள். மகள் கல்லூரிக்குப் போனதும் விட்டுவிட்டாள். அம்மாவால் விட முடியவில்லை. மீன்குழம்பு வைத்தாலும் துணி மடித்தாலும் பக்கத்தில் போன் சாய்ந்திருக்கும். அவருக்குப் பிடித்தது ஒரே ரகம்தான்: சாதாரண ஆள் ஒருவன் தவறி வேறொரு உலகத்துக்குள் விழுந்துவிட வேண்டும். அந்த உலகம் இருட்டாக இருக்க வேண்டும். திரும்பி வர வழி தெரியக்கூடாது. "எதுக்கு கொரியாக்காரன் கதையே?" என்றேன். "அவன் கதை போன்ல மேலேர்ந்து கீழ இறங்கிட்டே போகும், நம்ம லிஃப்ட் மாதிரி. பக்கம் திருப்புற கதைய போன்ல எப்படிச் சொல்றது?" தரை ஓடு பதிக்கும் வேலை செய்கிற அவருடைய கணவருக்கு இதில் பெரிய மனத்தாங்கல். "நீ அந்த உலகத்துலயே போய் குடித்தனம் பண்ணு, சாப்பாட்ட மட்டும் இங்க அனுப்பிடு" என்பாராம். உடன் வேலை பார்க்கிறவர்கள் வைத்த பெயர்தான் பாதாளக்கா. அவருக்கு அதில் வருத்தமில்லை.

ஆளைப் பார்த்துக் கதை சொல்வதில்லை. மூச்சைக் கேட்டுச் சொல்கிறார். மூச்சு வேகமாக வந்தால் மெதுவாக நடக்கும் பூதம். அழுகிறவர்களுக்குத் தானும் அழுகிற ஒரு பூதம். கோபக்காரர்களுக்குப் பழிவாங்கும் கதை. சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் பயமில்லாத கதையாகத் தேடுவார். அவர்கள்தான் விடமாட்டார்களாம்: "அந்த பூதத்துக்குப் பல்லு எத்தன ஆன்ட்டின்னு கேக்கும். நமக்குதான் வயித்தக் கலக்கும்."

பயந்து கிடக்கிறவர்களுக்கு ஏன் போய்ப் பயங்கரக் கதை? இதைக் கேட்டதும் நகம் வாய்க்குப் போனது. சேர்ந்த புதிதில் ஒருவர் மாட்டிக்கொண்டாராம். இவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் கதவை இரண்டு கையாலும் பிளந்து, கீழ்மாடித் தரை தெரிகிறதே என்று இறங்கப் பார்த்திருக்கிறார். மாடிகளுக்கு நடுவே நின்ற லிஃப்டுக்கும் தரைக்கும் இடையில் ஓர் ஆள் நழுவும் அளவுக்கு வெற்றிடம் இருக்கும். கால் வழுக்கிவிட்டது. எலும்பு முறிந்ததோடு போயிற்று, உயிர் தப்பினார். "அவரு கத்தினப்போ நான் இவங்க சொல்லச் சொன்ன மூணு வாக்கியத்தையும் அட்சரம் பிசகாம சொல்லிக்கிட்டிருந்தேன் தம்பி. அந்த சத்தம் இன்னும் காதுலயே இருக்கு. நிஜ பயத்த விட்டுட்டு பொய் பயத்துக்கு ஆள் வந்துட்டா, கை கதவுக்குப் போகாது."

அந்த மூன்று வாக்கியங்களும் அவர் கண்ணெதிரே அட்டையில் அச்சடித்து ஒட்டப்பட்டிருக்கின்றன. உங்கள் அழைப்பு பதிவாகிவிட்டது. பழுது நீக்குபவர் வந்துகொண்டிருக்கிறார். அமைதியாக இருங்கள். "அமைதியா இருன்னு சொல்லி எவனாவது அமைதியா இருந்திருக்கானா, சொல்லுங்க" என்றார். ஆனால் மெதுவாகத்தான் சொன்னார். அட்டையை ஒட்டிய கண்காணிப்பாளர் பக்கத்து மேஜையில் இருந்தார்.

அட்டை வந்ததற்குக் காரணம் அக்காவே செய்த ஒரு தவறு. சமீபத்தில் வங்கிக் காசாளர் அம்மாள் ஒருவர் மாட்டிக்கொண்டபோது, அவசரத்தில் வாய்க்கு வந்த கதையை எடுத்துவிட்டார். அதில் நாயகி அடியில்லாத கிணற்றில் விழுந்துகொண்டே இருப்பாள். லிஃப்டில் தொங்கிக்கொண்டிருக்கிறவரிடம் சொல்லக் கூடிய கதையா அது? அம்மாள் அலறிய அலறலில் கட்டடமே கூடிவிட்டதாம். 'உதவி கேட்டேன், நரகத்தைக் காட்டினார்கள்' என்று புகார் மேலிடம்வரை போனது. இனி ஒரு கதை சொன்னாலும் போனில் இடமில்லை, அடித்தளத்தில் உள்ள உதிரிபாக அறைதான் என்று உத்தரவு வந்துவிட்டது. அந்த அறைக்கு இரும்புக் கதவு. விட்டால் தானாகச் சாத்திக்கொள்ளும். இதைச் சொல்லும்போது அவர் குரல் அடங்கிப்போயிற்று. கண் செருப்பின் மேலேயே இருந்தது.

கண்காணிப்பாளர் கெட்டவர் அல்ல. அவருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள், அவ்வளவுதான். அறைக்குள் வரும்போதெல்லாம் ஷூ முனையால் செருப்பைத் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்துவார். அவர் போனதும் அக்கா எழுந்து மறுபடி செருகுவார். இது ஒரு நாளில் எத்தனையோ முறை நடக்கிறது, இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை.

நான் போயிருந்த அன்று, மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்த சமயத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. "ஹலோ! யாராவது இருக்கீங்களா? லிஃப்ட் நின்னுபோச்சு!" எனக்குக் கொடுத்திருந்த ஹெட்போனிலும் கேட்டது, இளம் ஆணின் குரல். அக்கா அட்டையைப் பார்த்து மூன்று வாக்கியங்களையும் சொன்னார். மெக்கானிக்குக்கும் தகவல் போயிற்று.

"ஐயோ, என்னால காத்திருக்க முடியாதும்மா! குப்பை கொட்டத்தான் கீழ வந்தேன். அடுப்புல பால் வச்சிருக்கேன். குழந்தை தனியா தூங்குது. சாவி எங்கிட்ட இருக்கு!"

கண்காணிப்பாளர் ஓடி வந்தார். செருப்பு அவர் காலில் பட்டு மூலைக்குப் போயிற்று, கதவு சாத்திக்கொண்டது. இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வீட்டு எண்ணைக் கேட்கும்படி சைகை காட்டினார். எண் கிடைத்ததும் அடுத்த போனில் அந்தக் கட்டடக் காவலாளியைப் பிடித்தார். "அஞ்சாவது மாடிக்கு ஓடுய்யா! வாசலுக்கு வெளிய பெட்டிக்குள்ள காஸ் வால்வு இருக்கும், அத மூடு மொதல்ல!"

காஸ் மூடியாயிற்று. அக்கா அதைச் சொன்னார். அந்தப் பக்கம் நிம்மதி வரவில்லை. "முழிச்சிட்டா? கட்டில்லேர்ந்து விழுந்திடுச்சுன்னா?" அதோடு ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. உலோகத்தில் உலோகம் உராயும் கீச்சுச் சத்தம். சாவியைக் கதவிடுக்கில் விட்டு நெம்புகிறார்.

"கதவத் தொடாதீங்க தம்பி. மெக்கானிக் பக்கத்துல வந்துட்டாரு. அமைதியா இருங்க."

"விலகுதும்மா! கீழ தரை தெரியுது. குதிச்சிடலாம்."

அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. மூடிய கதவைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். கண்காணிப்பாளரைப் பார்த்தார். அவர் காவலாளியோடு இருந்த போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் வேண்டாம் என்பதும் இருந்தது, வேறு என்ன செய்வது என்பதும் இருந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

"தம்பி, நீங்க கொரியன் காமிக்ஸ் படிச்சிருக்கீங்களா?"

கீச்சுச் சத்தம் நின்றது. "என்னது?"

"அதுல ஒருத்தன். வீட்டுல பிள்ளைய விட்டுட்டு உப்பு வாங்க கீழ இறங்குவான். படிக்கட்டு முடியவே முடியாது. இறங்கி இறங்கிப் பாத்தா வேற உலகம். வானம் கரிச்சட்டி மாதிரி இருக்கு."

"உங்களுக்கென்ன பைத்தியமா?"

"இருக்கலாம் தம்பி, கேளுங்க. அங்க ஒரு கதவு. அதத் தாண்டினாத்தான் வீடு. கதவுக்கு ஒரு காவக்காரன். அவனுக்குக் கண்ணு கிடையாது, உடம்பு பூரா வாய்."

"வாயா?"

"வாய்தான். முழங்கையில கூட ஒண்ணு. கதவுல யாரு கை வச்சாலும் அந்தக் கைய தின்னுடுவான். அதனால கைய எடுத்துடணும்." அக்கா ஒரு நொடி நிறுத்தினார். "எடுத்துட்டீங்களா?"

கண்காணிப்பாளர் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"எடுத்துட்டேன்."

"கீழ உக்காருங்க. அவன் ஒண்ணே ஒண்ணு கேப்பான். உன் பிள்ளை எப்படித் தூங்கும்னு சொல்லு, உடுறேன்னு கேப்பான். எப்படித் தூங்கும்?"

"குப்புற. பின்னாடிய தூக்கிக்கிட்டு" என்றது குரல். பிறகு உடைந்தது. "கட்டை விரல வாயில வச்சுக்கும். கீழ ரெண்டு பல்லு வந்திருக்கு."

"பக்கத்துல தலகாணி வச்சீங்களா?"

"ரெண்டு பக்கமும் வச்சேன்."

"அப்ப எப்படிங்க விழும்?" என்றார் அக்கா. அவர் நெற்றியிலிருந்து வியர்வை மேஜையில் சொட்டிக்கொண்டிருந்தது. மூடிய அறையில் அவர் விரல்கள் மேஜை விளிம்பைக் கவ்விப் பிடித்திருந்தன. குரலில் மட்டும் அது தெரியவில்லை.

இந்தக் கதையையும் நான் பிறகு தேடிப் படித்தேன். அதில் காவல்காரன் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. தின்பதோடு சரி.

காவல்காரன் வழிவிடப் போகும் இடத்தில் மெக்கானிக்கின் குரல் கேட்டது. கிறீச்சென்று ஒரு சத்தம், பிறகு படிகளில் தடதடவென்று காலடி. அழைப்பு அறுந்தது. நன்றி சொல்ல அவருக்கு நேரமில்லை. நான் மாட்டிக்கொண்ட அன்று எனக்கும் இருக்கவில்லை.

"பேரு 'உப்புக்குப் போனவன்'" என்றார் அக்கா, யாருமில்லாத ஒலிவாங்கியிடம். "போன்லயே கிடைக்கும்."

கண்காணிப்பாளர் காவலாளியின் போனைக் காதில் வைத்தபடி நின்றார். நேரம் நகரவே இல்லை. கடைசியில், "தூங்கிட்டுத்தான் இருக்குதாம்" என்றார். "பால்தான் கருகிடுச்சாம்."

அக்கா முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டார். எல்லாம் பதிவாகியிருக்கிறது. அது அவருக்கும் தெரியும். ஹெட்போனைக் கழற்றி, வயரைச் சுற்றி, கண்காணிப்பாளரிடம் நீட்டினார்.

"சார், அந்த உதிரிபாக ரூம்ல ஜன்னல் ஏதாவது இருக்கா?"

அவர் ஹெட்போனை வாங்கவில்லை. மூலைக்குப் போய்க் குனிந்தார். அந்த இடது செருப்பைக் கையாலேயே எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போனார். இரும்புக் கை கதவை இழுத்துச் சாத்த வந்தபோது, மண்டியிட்டு உட்கார்ந்து, செருப்பை அதன் இடுக்கில் செருகி, நிற்கிறதா என்று ஒருமுறை ஆட்டிப் பார்த்தார்.