குழிக்குள் போன பாஸ்போர்ட்

போன வருஷம் கோடை விடுமுறையில், தாம்பரத்தைத் தாண்டி அதிகம் போகாத நான், சைப்ரஸ் தீவில் நடந்த அகழாய்வுப் பயிற்சி முகாமுக்குப் போயிருந்தேன். கூடப் படிக்கும் பொழிச்சலூர் தோழி ஒருத்திதான் துணை. மற்றவர்கள் பல நாட்டு மாணவர்கள். அன்று முகாமின் கடைசி நாள். மறுநாள் காலையில் விமானம். ஊருக்கு வந்ததுமே தாம்பரம் சர்ச்சில் அக்காவுக்குக் கல்யாணம்.

தோண்டிய குழியை அப்படியே விட்டுவிட்டு வர மாட்டார்கள். உள்ளே இருக்கும் பழைய சுவர் கெடாமல் இருக்க, மறுபடி மண்ணைப் போட்டு மூடிவிடுவார்கள். அதற்கு முன்னால் இந்தக் காலத்துப் பொருள் ஏதாவது ஒன்றை அடியில் வைப்பது வழக்கம். பின்னால் தோண்ட வருகிறவர்களுக்கு, இந்த ஆழம் வரை ஏற்கெனவே தோண்டியாகிவிட்டது என்று தெரியவேண்டுமே! நான் வீட்டிலிருந்தே தினசரி காலண்டர் தாள்கள் ஒரு கத்தை கொண்டுபோயிருந்தேன். பானை ஓடுகளைப் போட்டு வைக்கும் காக்கிக் கவரில் அதைப் போட்டுவைத்திருந்தேன். தோள்பையிலிருந்து அவசரமாக எடுத்து, சுவரோரம் மூலையில் வைத்தேன். எல்லோரும் சேர்ந்து மண்ணைத் தள்ளினோம்.

சாயங்காலம் குளித்துவிட்டுப் பெட்டி கட்டும்போது, தோள்பையில் இருந்த காக்கிக் கவரைத் திறந்தால் உள்ளே காலண்டர் தாள்! "பாஸ்போர்ட்டை எப்பவும் கூடவே வெச்சிக்க" என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். நானும் கூடவே வைத்திருந்தேன், தூசி படாமல் அதே மாதிரிக் காக்கிக் கவரில் போட்டு! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அக்காவுக்குப் போன் செய்தேன். "என்னடி உளர்ற? பாஸ்போர்ட்டப் புதைச்சிட்டியா? நீ வராம நான் சர்ச்சுக்குள்ள கால் வைக்க மாட்டேன்" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். தோழிதான் என் கையைப் பிடித்து இழுத்தாள். "அழாத. இவ்ளோ நாள் தோண்டத்தானே கத்துக்கினோம்? வா!"

முகாமை நடத்திய பேராசிரியை திட்டப்போகிறார் என்று பயந்துகொண்டே போய்ச் சொன்னேன். அவர் வெளியே வெளிச்சம் இருக்கிறதா என்று பார்த்தார். கட்டி வைத்த பெட்டியைப் பிரித்து, மண் சுரண்டும் கொத்துக் கரண்டிகளை எடுத்தார். குளித்து, நல்ல துணி உடுத்திச் சாப்பிடக் கிளம்பிக்கொண்டிருந்த அத்தனை பேரும் ஒரு முணுமுணுப்புகூட இல்லாமல் பின்னால் வந்தார்கள்.

அடியில் சுவர் இருப்பதால் கடப்பாரை போட முடியாது. மேல்மண்ணை மண்வெட்டியால் வாரிவிட்டு, அப்புறம் கரண்டியால் மெல்ல மெல்லச் சுரண்டினோம். சூரியன் இறங்கிக்கொண்டே இருந்தது. திடீரென்று தோழி, "ஏய், கவர்!" என்று கத்தினாள். பாஸ்போர்ட் மடங்கக்கூட இல்லை, கவருக்குள் கொஞ்சம் மண் புகுந்திருந்தது, அவ்வளவுதான். போன உயிர் திரும்பி வந்தது. மண்ணிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன், சுற்றி எல்லோரும் கைதட்டினார்கள். பேராசிரியை மட்டும், இந்த முறை நான் வைக்க எடுத்த கவரைப் பிரித்துக் காட்டச் சொல்லி, காலண்டர்தானா என்று பார்த்துவிட்டே அதைக் குழிக்குள் வைக்க விட்டார். மறுபடி எல்லோரும் சேர்ந்து மூடினோம்.

கல்யாண போட்டோவில் அக்கா பக்கத்தில் பட்டுப்புடவையில் நிற்கிறேன், நகத்தில் மண்ணோடு. பாஸ்போர்ட்டின் மடிப்பிலும் கொஞ்சம் மண் ஒட்டியிருக்கிறது. எதைக் கண்டாலும் பிரஷ் எடுத்துத் துடைக்கத்தான் அங்கே பழக்கினார்கள். நான் வீடு போய்ச் சேரவேண்டும் என்று அத்தனை பேர் மறுபடி குழியில் இறங்கிய அந்த மண்ணைத் துடைக்க மட்டும் எனக்கு இன்றுவரை மனசு வரவில்லை.