கமாண்டர் சார் ஏமாந்த கல்

கணக்கு வாத்தியாரான என்னை இங்கே எல்லாரும் 'மாஷ்' என்றுதான் கூப்பிடுவார்கள். போன செவ்வாய்க்கிழமை காலை கலூரிலிருந்து ஜானகி போன் செய்தாள். "மாஷே, நம்ம கமாண்டர் சார் போயிட்டார்" என்றவள், அழுதுகொண்டே ரிசீவரைக் கணவரிடம் கொடுத்துவிட்டாள். அவள் அவருக்கு உறவில்லை. ஆனாலும் அவள் அப்படி அழுததன் காரணம் எங்கள் மட்டாஞ்சேரியில் பலருக்குத் தெரியும்.

விங் கமாண்டர் வைத்தியநாதன் விமானப்படையில் சரக்கு விமானம் ஓட்டியவர். எழுபதுகளின் தொடக்கத்தில் ஓய்வு பெற்று, முறையாகப் படித்து, ரத்தினக் கற்களைச் சோதித்துச் சொல்பவரானார். மோதிரத்தில் பதித்த கல்லைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டார். நம் பழைய மோதிரங்களில் கல்லின் அடிப்பக்கத்தைத் தங்கம் மூடியிருக்கும். "கழட்டிக் கொண்டுவாங்கோ. விமானத்தைச் சுத்திப் பார்க்காம நான் ஏறினதில்லை" என்பார்.

ஒருமுறை அந்த விதியை மீறினார். ஜானகியின் அம்மா தங்கம் மாமி, மறைந்த கணவரின் சிவப்புக்கல் மோதிரத்தை வரப்போகும் மாப்பிள்ளைக்குப் போட விரும்பினார். "கல்லைக் கழட்டச் சொல்லாதீங்கோ சாரே. அவர் விரல்ல இருந்தது, அப்படியே இருக்கட்டும்" என்று கெஞ்சினார். கமாண்டர் சார் லென்ஸ் வைத்துப் பார்த்தார். உள்ளே இயற்கைக் கல்லுக்கே உரிய மெல்லிய ஊசிக்கோடுகள் தெரிந்தன. "அசல் மாணிக்கம்" என்றார்.

நிச்சயதார்த்தத்தில் மோதிரம் மாப்பிள்ளையின் விரலில் ஏறவில்லை. பெரிதாக்கக் கொடுத்தபோது தட்டார் கல்லை எடுத்தார். மேலே மெல்லிய தகடாக ஏதோ மலிவான இயற்கைக் கல். அதன் அடியில் ஒட்டியிருந்தது வெறும் கண்ணாடி. ஊசிக்கோடுகள் அந்தத் தகட்டில் இருந்தவை. "தெரிஞ்சே கண்ணாடியைத் தலையில கட்டிட்டா" என்று மாப்பிள்ளை வீட்டில் பேச்சு எழுந்தது. கல்யாணம் நின்றுவிடும் போலிருந்தது.

கமாண்டர் சார் என்னையும் கூட்டிக்கொண்டு கலூரில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"மாமி பொய் சொல்லலை. நான் சொன்னதைச் சொன்னா. தப்பு என்னோடது."

மாப்பிள்ளையின் அப்பா குத்தலாகக் கேட்டார்: "ஊரெல்லாம் உம்ம வாக்கைத்தானே நம்பறது? இதை நான் நாலு பேர்கிட்ட சொன்னா உம்ம பேரு என்னாகும்?"

"நீங்க சிரமப்பட வேண்டாம். நானே சொல்லப்போறேன். கல்லைப் பத்திப் புஸ்தகம் எழுதிண்டிருக்கேன். முதல் அத்தியாயம் இதுதான்."

அந்த மனிதர் உள்பக்கம் திரும்பி, "சாருக்கும் மாஷுக்கும் சாயா கொண்டா" என்றார். குறித்த நாளில் கல்யாணம் நடந்தது.

கல்யாணம்தான் நடந்துவிட்டதே, இனி இதை ஏன் எழுத வேண்டும் என்று அவரிடம் கேட்டேன். "விமானத்தைத் தப்பா இறக்கினவனே ரிப்போர்ட் எழுதணும், மாஷே. அடுத்தவன் அதைப் படிச்சுத்தான் தப்பிப்பான்" என்றார். விடை தவறானாலும் போட்ட கணக்கை அழிக்காதே என்று வகுப்பில் நாங்கள் சொல்வதும் இதற்காகத்தான்.

புத்தகத்தின் அச்சுப்படியை நான்தான் திருத்திக் கொடுத்தேன். முதல் அத்தியாயத்தில் ஒரு வரியை, அவர் மேல் உள்ள அன்பால், "சில வேளைகளில் நிபுணர்களும் ஏமாறக்கூடும்" என்று சற்று மென்மையாக்கியிருந்தேன். அதை அடித்துவிட்டு, மேலே தம் கையால் "நான் ஏமாந்தேன்" என்று எழுதினார்.

அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது.