வெளிச்சப் பெட்டி தந்த சம்பந்தி

கறுப்புக் கண்ணாடியைக் கண்டாலே எனக்கு என் சம்பந்தி ஞாபகம்தான். பிள்ளைகள் கல்யாணத்தில் வந்த சம்பந்தி இல்லை, சொரியாசிஸ் என்ற தோல் சீக்கு கொண்டுவந்து சேர்த்தவர். திருச்சி ஆஸ்பத்திரியில் ஆள் உயரப் பெட்டி ஒன்று உண்டு. உள்ளே சுற்றிலும் குழல்விளக்கு எரியும், கண்ணுக்கு அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நான் ஸ்ரீரங்கத்திலிருந்து போவேன், அவர் திருவெறும்பூரிலிருந்து வருவார். முதல் நாள் நான் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தபோது பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாள் கேட்டார்:

"என்னங்க, நல்லா வறுத்துட்டாங்களா? உப்பு மிளகாய் போட்டாங்களா?"

சிரித்த சிரிப்பில் என் முழங்கையிலிருந்து செதில் உதிர்ந்தது. பதறிப்போய்ப் புடவைத் தலைப்பால் பெஞ்சைத் துடைத்தேன். பஸ்ஸில் என் கையைப் பார்த்தால் பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்துவிடுவார்கள், அந்தப் பழக்கம். அவரோ என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, ஒட்டி உட்கார்ந்தார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே சீக்கு. இனிமே நீங்க எனக்குச் சம்பந்தி."

ஜாதகமும் இல்லை, சீரும் இல்லை. நான் எலுமிச்சை சாதம் கொண்டுபோனால், "புளிப்பு பத்தல. சம்பந்தி வீட்டுச் சாப்பாட்டுல குத்தம் சொல்லாட்டி எப்படி?" என்று வழித்துச் சாப்பிடுவார்.

நான் படிக்காதவள் என்பதால் டாக்டரம்மா கதையாகவே சொன்னார். "கிருமியை விரட்ட உடம்புல காவல் இருக்குங்கம்மா. அது உங்க தோலையே எதிரின்னு நெனச்சு அடிக்குது. இந்த வெளிச்சம் பட்டா அடங்கும். ஆனா கொஞ்சம் அங்கேயே பதுங்கி இருக்கும். திரும்ப வந்தா பெரும்பாலும் அதே இடத்துலதான் வரும்."

"எங்க வீட்டுக்காரரும் அப்படித்தாங்க டாக்டரம்மா, அடங்கின மாதிரியே இருப்பாரு" என்றார் சம்பந்தி. டாக்டரம்மாவுக்கே சிரிப்பு தாங்கவில்லை.

எனக்குத்தான் முதலில் தோல் தெளிந்தது. இனி வர வேண்டாம் என்றதும், சந்தோஷத்தில் அவர் பேரையோ போன் நம்பரையோ கேட்காமல் ஓடிவந்துவிட்டேன். அப்புறம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் திருவெறும்பூர் பஸ் வரும்போதெல்லாம் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்திருக்கிறேன்.

போன மாதம் அதே முழங்கையில் மறுபடி அரித்தது. மருமகள் முகம் வாடிப்போனது. நானோ நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். பெஞ்சில் வேறு யாரோ இருந்தார்கள். நர்சுப் பெண்ணிடம் கேட்டேன்.

"அந்தக் கேலி பேசுற பாட்டியா? அவங்களுக்கு நல்லாயிடுச்சு. இப்ப வர்றதில்ல."

நிஜமாகவே மனசு குளிர்ந்தது. இருந்தாலும் அவர் உட்காரும் அந்தப் பெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அவங்க இனிமே இங்க வரவே கூடாது, தாயி" என்றேன். "வந்தாங்கன்னா, நான் எந்தக் கிழமை வரேன்னு மட்டும் சொல்லிடு."